கையெழுத்து செல்லும் தூரம்

சிவகாசிக்கு அருகே எம். புதுப்பட்டி வட்டாரத்தில் ஒருவர் பட்டாசு ஆலை வைத்திருக்கிறார் என்று சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து அடுத்த கேள்வி உடனே வரும்: "நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா?" நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கொடுப்பது பெரிய ஆலைக்கு. அதன் சென்னை அலுவலகம் கொடுப்பது அடுத்த நிலைக்கு. மாவட்ட வருவாய் அலுவலர் கொடுப்பது சிறிய ஆலைக்கு. எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம், என்ன வகை வெடி செய்யலாம், எத்தனை பேரை வேலைக்கு வைக்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸ் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஆலைக்குள் ஒவ்வொரு அறைச் சுவரிலும் அறை எண், அங்கே நடக்கும் வேலை, இருக்கவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை, வைக்கவேண்டிய மருந்தின் கிலோ எல்லாம் பெயின்டில் எழுதியிருக்கும். தொழில் தெரிந்தவராக இருப்பது வேறு, அந்தத் தொழிலை எந்த இடத்தில், எந்த அளவுக்குச் செய்ய அனுமதி பெற்றிருக்கிறார் என்பது வேறு. இது இந்த மண்ணில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

கணக்குத் தொழிலுக்கும் இதே கதைதான். அந்தக் கதைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதாகிறது. இன்று சிவகாசியிலும் விருதுநகரிலும் பி.காம். முடித்துவிட்டு வெளியூரோ வெளிநாடோ போக நினைக்கும் பிள்ளைகள், இந்தியாவின் சி.ஏ.வா, அமெரிக்காவின் சி.பி.ஏ.வா, இங்கிலாந்தின் ஏ.சி.சி.ஏ.வா என்று கேட்கிறார்கள். எது சுலபம், எதற்குச் செலவு குறைவு, எதற்குச் சம்பளம் அதிகம் என்றுதான் பேச்சு பெரும்பாலும் போகிறது. எந்த ஊரில் உட்கார்ந்து, எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய கணக்கில் கையெழுத்துப் போடப்போகிறோம் என்பது கடைசியில்தான் பேச்சுக்கு வருகிறது. சில வேளை வருவதே இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய தலைமுறையினருக்கு அது முதல் கேள்வியாக இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்பதைப் பார்த்தால், இன்றைக்கு எடுக்கவேண்டிய முடிவும் கொஞ்சம் தெளியும்.

சட்டம் வருவதற்கு முன்னால் கணக்கனுக்கு லைசென்ஸ் கிடையாது. பழக்கம்தான் சான்று. தமிழர்களில் இந்தப் பழக்கத்தை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர்கள் நகரத்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்காருவான். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே வட்டிக் கணக்கையும் பேரேட்டையும் கண்ணால் பார்த்துப் பழகுவான். பிறகு அடுத்தாள் ஆவான். தேறியவன் மேலாளாகவோ ஏஜெண்டாகவோ கப்பல் ஏறுவான். ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று எங்கே போனாலும் பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் கணக்கை ஒப்படைக்கவேண்டும். அந்தக் கணக்கு நேராக இருந்தால் அடுத்த தவணையும் கிடைக்கும், பங்கும் கூடும். வெளிநாடு போவதற்கு முன்பே ஊரிலேயே பயிற்சி முடிந்துவிட வேண்டும் என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது.

விருதுநகர்ப் பக்கம் வேறு வகை. அன்றைய விருதுபட்டியின் நாடார் வணிகர்கள் பருத்தி, மிளகாய் வற்றல், எண்ணெய் வியாபாரத்தில் வளர்ந்தார்கள். வியாபாரத்தின் மீது மகமை பிரித்து, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுநிதியைச் சேர்த்தார்கள். அந்த நிதியில்தான் 1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி எழுந்தது. மகமை என்பது வியாபாரத்தின் அளவைப் பொறுத்துப் பிரிக்கும் பணம் என்பதால், கணக்கு பொதுவில் இருந்தாக வேண்டும். ஊரார் கேட்டால் காட்டியாக வேண்டும். தணிக்கை என்ற சொல் இல்லாமலே தணிக்கை நடந்த இடம் அது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். கூட்டாகப் பணம் போட்டுக் கம்பெனி நடத்தும் காலம் வந்தபோது, ஊர்ப் பழக்கம் மட்டும் போதவில்லை. சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆடிட்டர் தேவைப்பட்டார்.

இந்தியாவில் அந்தச் சட்டம் படிப்படியாக வந்தது. 1857-இன் கம்பெனிச் சட்டம் கணக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கவில்லை. 1866-இன் சட்டம் வருஷத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை நடக்கவேண்டும் என்றது. ஆனால் யார் தணிக்கை செய்யலாம் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது 1913-இன் இந்தியக் கம்பெனிச் சட்டம். 1914 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 144-ஆம் பிரிவு, பிரைவேட் கம்பெனி தவிர மற்றக் கம்பெனிகளில் ஆடிட்டராக இருப்பவர் அரசின் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. சான்றிதழைக் கொடுத்தது மாகாண அரசு. இந்த நாட்டில் ஆடிட்டர் என்பவர் லைசென்ஸ் பெற்ற ஆள் ஆனது அப்போதுதான்.

மாகாண அரசுகள் இரண்டு வகைச் சான்றிதழ் கொடுத்தன. ஒன்று வரம்பற்றது. அதை வைத்திருப்பவர் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் தணிக்கை செய்யலாம். மற்றது வரம்புள்ளது. அதை வைத்திருப்பவர் கொடுத்த மாகாணத்துக்குள் மட்டும், அதிலும் சான்றிதழில் குறிப்பிட்ட மொழியில் எழுதிய கணக்கை மட்டும் தணிக்கை செய்யலாம். தமிழில் பேரேடு எழுதும் கம்பெனிக்குத் தமிழ் என்று எழுதிய சான்றிதழ் வேண்டும்.

இந்த வரம்பை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் புரியாது. அன்றைய வரைபடத்தை விரித்துப் பார்க்கவேண்டும். சிவகாசியிலிருந்து மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகப் போனால் செங்கோட்டை. அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-இல்தான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கே மதுரையைத் தாண்டிப் போனால் புதுக்கோட்டை. அதுவும் 1948 வரை தனிச் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் செல்லும் வரம்பற்ற சான்றிதழுக்குக்கூட, ஒரு நாள் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய இந்த இரண்டு ஊர்களிலும் சட்டப்படி வேலை கிடையாது. அதே சான்றிதழ் கடலைத் தாண்டி ரங்கூனில் செல்லும். ஏனென்றால் 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம். பக்கத்தில் இருக்கும் கொழும்பு தனிக் காலனி என்பதால் அங்கே செல்லாது. தூரத்துக்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் கணக்காளர், எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குத் தகுந்த சான்றிதழைத் தேடவேண்டியிருந்தது.

தேடுவதற்கு மூன்று இடங்கள் இருந்தன: லண்டன், பம்பாய், மேலே சொன்ன மாகாணச் சான்றிதழ் கொடுத்த சென்னை.

லண்டன் தகுதிக்கு மதிப்பு அதிகம். இங்கிலாந்தின் பட்டயக் கணக்காளர் கழகம் 1880-இல் அரச சாசனம் பெற்றது. அதற்கும் முன்பே 1854-இல் எடின்பரோவில் அத்தகைய சங்கம் ஒன்று சாசனம் வாங்கியிருந்தது. இவற்றைப் போல அரசு அறிவித்த சங்கங்களின் உறுப்பினர்களுக்கு இந்தியாவில் தனியாகச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இங்கிலாந்துக் கழகத்தின் உறுப்பினர் ஆவதற்கு லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருஷம் ஆர்ட்டிகிள் கிளார்க்காக இருக்கவேண்டும். பட்டதாரிக்கு மூன்று வருஷம். சம்பளம் கிடையாது. பயிற்சி கொடுக்கும் ஆடிட்டருக்கு பிரீமியம் என்ற பெயரில் பணம் கட்டிச் சேருவதுதான் அன்றைய வழக்கம். கப்பல் கட்டணம், தங்கும் செலவு, பிரீமியம் எல்லாம் கூட்டினால் ஒரு நல்ல நஞ்சையின் விலை. இந்தியாவில் பெரிய தணிக்கை நிறுவனங்களை ஆங்கிலேயர்கள் நடத்தியதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

பம்பாய் அதற்கு ஒரு மாற்றை உருவாக்கியது. 1913-இல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி அங்கே தொடங்கியது. அந்தக் கல்லூரிக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் கே. எஸ். ஐயர். பம்பாயில் தன் பெயரிலேயே தணிக்கை நிறுவனம் நடத்தியவர். இந்தியக் கணக்குத் துறையின் மூத்தவர் என்று போற்றப்பட்டவர். 1918-இல் பம்பாய் அரசு அக்கவுண்டன்சி டிப்ளமா வாரியம் அமைத்து, அரசு அக்கவுண்டன்சி டிப்ளமாவைக் கொண்டுவந்தது. ஜி.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒப்புதல் பெற்ற ஆடிட்டர் ஒருவரிடம் மூன்று வருஷம் ஆர்ட்டிகிள் பயிற்சி, அதோடு ஒரு தகுதித் தேர்வு. இந்த இரண்டையும் முடித்தால் நாடு முழுவதும் செல்லும் வரம்பற்ற சான்றிதழுக்கு வழி கிடைத்தது. 1920-இல் வரம்புள்ள சான்றிதழ் கொடுப்பது நிறுத்தப்பட்டதும், ஜி.டி.ஏ.வின் மதிப்பு இன்னும் கூடியது. லண்டனுக்குக் கப்பல் ஏற முடியாத தமிழ்ப் பட்டதாரிக்கு அந்த பம்பாய் டிப்ளமா நாடு முழுவதும் கையெழுத்துப் போடும் வழியைத் திறந்துவிட்டது.

அந்த வருஷங்களில்தான் சிவகாசியும் கிளம்பியது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கி வேலை கற்று, 1923-இல் ஊர் திரும்பி ஆலை தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் தொழில் முளைத்த கதையாக இதைப் பலரும் சொல்லுவார்கள். கணக்குத் தொழிலின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. தொழிலைக் கற்பதற்கு வெளியூர் போய், தொழில் செய்வதற்குச் சொந்த ஊர் திரும்பினார்கள் அவர்கள். தீப்பெட்டிக்கு அது நடந்தது. ஏனென்றால் கல்கத்தாவில் கற்ற கைவேலை சிவகாசியிலும் அப்படியே பலித்தது. ஆடிட்டருக்கு அப்படி நடக்காது. அவர் கற்ற ஊரின் முத்திரை, கையெழுத்துப் போடும் ஊரிலும் செல்லவேண்டும்.

1930-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, ஆடிட்டர்களைப் பதிவு செய்யும் வேலையை மாகாணங்களிடமிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1932-இல் ஆடிட்டர் சான்றிதழ் விதிகள் வந்தன. அரசின் பதிவேட்டில் பெயர் ஏறியவர் பதிவுபெற்ற கணக்காளர் ஆனார். ஆர்.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். இந்திய அக்கவுண்டன்சி வாரியம் அரசுக்கு ஆலோசனை சொன்னது. எந்த மாகாணத்துக்காரர் என்ற கேள்வி அதோடு மறைந்தது. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு யாருக்குத் தகுதி இருக்கிறது என்ற கேள்வி மறையவில்லை.

அந்தக் கேள்வியைச் சென்னையில் ஒரு பெண் எதிர்கொண்டார். ஆர். சிவபோகம் 1907 ஜூலை 23-இல் பிறந்தவர். சென்னையில் லேடி வில்லிங்டன் பள்ளியிலும் ராணி மேரிக் கல்லூரியிலும் படித்தவர். சமூக சீர்திருத்தவாதி சகோதரி சுப்புலட்சுமியின் வழிகாட்டலில் வளர்ந்தவர். அந்நியத் துணிப் புறக்கணிப்பிலும் சட்டமறுப்பு இயக்கத்திலும் கலந்துகொண்டு ஒரு வருஷம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் ஆடிட்டர் ஆவதென்று முடிவெடுத்தார். சி. எஸ். சாஸ்திரியிடம் ஆர்ட்டிகிள் கிளார்க்காகச் சேர்ந்தார். 1933-இல் ஜி.டி.ஏ. தேர்வில் வென்றார். இந்தியாவில் இந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இங்கிலாந்தின் பட்டயக் கணக்காளர் கழகமே மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற முதல் பெண் உறுப்பினரை 1920-இல்தான் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷத்தில் சென்னையில் இது நடந்தது.

தேர்வு முடிந்தும் கதை முடியவில்லை. சிறைக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கில அரசின் விதி குறுக்கே நின்றது. சிவபோகம் நீதிமன்றம் போனார். வழக்கில் வென்றார். 1937-இல் தனியாகத் தொழில் தொடங்கினார். தேசத்துக்காகச் சிறை சென்றது குற்றமாகவும், அந்தக் குற்றம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கத் தடையாகவும் கருதப்பட்ட காலத்தில், லைசென்ஸ் கேட்டு நீதிமன்றத்தில் நின்ற அந்தப் பெண்மணியின் பெயர் தமிழ்நாட்டில் இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராக இருந்தார். இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் பெண்களில் சிறந்தவருக்கு அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தினார். 1966 ஜூன் 14-இல் மறைந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டயக் கணக்காளர் சட்டம் நிறைவேறி, 1949 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் சுமார் 1,700 உறுப்பினர்களோடு தொடங்கியது. ஜி. பி. கபாடியா முதல் தலைவர். இன்று அதன் உறுப்பினர்கள் நாலு லட்சத்துக்கு மேல். 1949-இன் முக்கியமான மாற்றம் உறுப்பினர் எண்ணிக்கையில் இல்லை, நிலப்பரப்பில் இருக்கிறது. சமஸ்தானங்கள் இணைந்த நாட்டில், ஒரே கழகம், ஒரே தேர்வு, ஒரே உறுப்பினர் எண் என்று ஆனது. செங்கோட்டைக்கும் சிவகாசிக்கும் ஒரே ஆடிட்டர் போதும். லண்டன் போகவேண்டிய அவசியமும் குறைந்தது. எங்கே லைசென்ஸ் எடுப்பது என்ற கேள்வி ஒரு தலைமுறைக்கு இந்தியக் கணக்காளர்களின் நினைவிலிருந்து விலகியது என்றே சொல்லலாம்.

சிவகாசிக்கு இந்த மாற்றம் பொருத்தமான நேரத்தில் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டாசுத் தொழில் ஊன்றி, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலிலும் நிறுவனங்கள் பெருகின. 1939-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு பொது விற்பனை வரி கொண்டுவந்ததால், கணக்கு எழுதுபவர்களின் வேலையும் பெருகியது. வருமான வரிக்கு ஒரு பிராக்டிஷனர், விற்பனை வரிக்கு ஒரு பிராக்டிஷனர், தணிக்கைக்கு ஆடிட்டர் என்று கடைத்தெருவில் பலகைகள் தொங்கின. விற்பனை வரிப் பிராக்டிஷனரின் அனுமதி மாநிலத்தோடு நின்றது. சிவகாசிச் சரக்கு பீகாருக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் லாரி ஏறும், அங்கே வரிப் பிரச்சினை வந்தால் அந்த ஊர்ப் பிராக்டிஷனரைத்தான் பிடிக்கவேண்டும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இது மாறியது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் எல்லா மாநிலத்திலும் பதிவு செய்தவராகவே கருதப்படுவார் என்று விதி சொல்கிறது.

இந்த வட்டாரத்தில் ஆர்ட்டிகிள் பையனாக இருப்பதற்கு ஒரு தனி ருசி உண்டு. பட்டாசு ஆலையின் ஸ்டாக் கணக்கு எடுக்கப் போனால் அலுமினியப் பவுடர் எத்தனை கிலோ, வெடியுப்பு எத்தனை மூட்டை, கந்தகம் எவ்வளவு என்று மருந்துக் கிடங்கில் பார்க்கவேண்டும். முடிந்த சரக்கைப் பெட்டி எண்ணிக்கையில் எடுக்கவேண்டும். அதோடு லைசென்ஸ் அனுமதித்த அளவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பேரேட்டில் இருப்பது லைசென்ஸில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால் அது கணக்குப் பிழை மட்டும் இல்லை. வெயில் ஏறினால் கிடங்கில் நிற்கும் ஆட்களின் உயிர்ப் பிரச்சினை. கூலி பல ஆலைகளில் செய்த சரக்கின் எண்ணிக்கையை வைத்து, குரோஸ் கணக்கு. தீபாவளி முடிந்து ஆலை சில வாரம் மூடியிருக்கும் நாட்களில்தான் முந்தின பருவத்தின் பாக்கி வசூலும் வரும். இப்படி ஒரு தொழிலைக் கணக்கிலும் களத்திலும் பார்த்துப் பழகிய பையனுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல மதிப்பு இருக்கிறது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலத்தில் சிவகாசிக்குத் தனிக் கிளையே இருப்பதற்கு இங்கே நடக்கும் வியாபாரத்தின் அளவுதான் காரணம்.

பட்டாசுக்கே கெட்ட காலம் வந்தபோது, பிள்ளைகள் வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்பும் பின்பும் ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்கள் உண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளையும் போர்மேன் வீட்டுப் பிள்ளையும் ஒரே கல்லூரியில் பி.காம். படித்து, வேறு ஊரில் வேலை தேடினார்கள். எங்கே லைசென்ஸ் எடுப்பது என்ற பழைய கேள்வி புதிய உருவத்தில் திரும்பிவந்தது.

வளைகுடாவுக்குப் போகும் பாதை 1970-களிலேயே திறந்துவிட்டது. அங்கே கம்பெனிகளில் கணக்காளராகவோ நிதி மேலாளராகவோ வேலை பார்ப்பவருக்கு இந்திய சி.ஏ. போதும். அதற்கு நல்ல பெயரும் உண்டு. இந்தியக் கழகம் துபாய், அபுதாபி, மஸ்கட், தோஹா போன்ற ஊர்களில் தேர்வு மையம் வைத்து, அங்கே இருந்தபடியே பிள்ளைகள் தேர்வு எழுத வழி செய்திருக்கிறது. ஆனால் அங்கே தனியாகத் தணிக்கை அலுவலகம் திறந்து கையெழுத்துப் போட விரும்பினால், அந்தந்த நாட்டு அரசிடம் தனியாகப் பதிவு செய்யவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது பொருளாதார, சுற்றுலா அமைச்சகத்தின் பொறுப்பு.

இங்கிலாந்துக்குப் போகிறவருக்கு 2008-இல் இந்தியக் கழகமும் இங்கிலாந்துக் கழகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் உதவுகிறது. இந்திய சி.ஏ.வுக்குப் பல தாள்களில் விலக்கு கிடைக்கும். ஒரு காலத்தில் லண்டனில் பிரீமியம் கட்டி ஐந்து வருஷம் உட்கார்ந்த இடத்துக்கு, இன்று சென்னையில் முடித்த சி.ஏ. பாதி வழி கொண்டுபோய் விடுகிறது. கனடாவில் சி.பி.ஏ. தகுதி மாகாண வாரியாகத்தான் கிடைக்கும். டொராண்டோவில் குடியேறும் தமிழர் ஒன்டாரியோவின் கழகத்திடம்தான் போகவேண்டும். இலங்கைக்கு 1959-இலிருந்து சொந்தப் பட்டயக் கணக்காளர் கழகம் இருக்கிறது.

அமெரிக்காதான் சிக்கல். இங்கே பலரும் தடுமாறுவது அதில்தான்.

சி.பி.ஏ. என்ற லைசென்ஸை முதலில் சட்டமாக்கியது நியூயார்க் மாநிலம், 1896 ஏப்ரல் 17-இல். பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொண்டது. இன்று ஐம்பது மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., குவாம், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள், வடக்கு மரியானா தீவுகள் என்று ஐம்பத்தைந்து இடங்கள் தனித்தனியே லைசென்ஸ் கொடுக்கின்றன. தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். லைசென்ஸுக்கான நிபந்தனைதான் வேறுவேறு. கல்லூரிப் படிப்பில் நூற்றைம்பது கிரெடிட் கேட்கும் இடம் ஒன்று. குறைவாக இருந்தாலும் தேர்வு எழுத விடும் இடம் ஒன்று. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் லைசென்ஸ் கொடுக்காத இடம் ஒன்று. வேலை அனுபவத்துக்கு லைசென்ஸ் பெற்ற சி.பி.ஏ.தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லும் இடங்கள் பல. இந்தியப் பயிற்சி மையங்களில் அதிகம் காதில் விழும் பெயர்கள் அலாஸ்கா, மொன்டானா, வாஷிங்டன், குவாம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பெண் பிள்ளை தன் வாழ்நாளில் போகவே போகாத அலாஸ்காவின் வாரியத்துக்கு விண்ணப்பிப்பது இப்படித்தான் நடக்கிறது.

இந்த விண்ணப்பத்தில் சொந்த ஊர்க் கல்லூரியும் பேசும். மூன்று வருஷ பி.காம்.மை, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பல நிறுவனங்கள் தொண்ணூறு கிரெடிட்டாகவே எடுத்துக்கொள்கின்றன. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் 'ஏ' தரம் பெற்ற கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியிருந்தால் அதை அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. எம்.காம். சேர்ந்தால் எண்ணிக்கை கூடும். சி.ஏ.வையும் கணக்கில் எடுப்பார்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தோம் என்பதே எந்த மாநில வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை நிர்ணயிக்கிறது என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அட்மிஷன் வாங்கும்போதே பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2020-இல் சி.பி.ஏ. தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம் என்ற அறிவிப்பு வந்தது. சென்னை, பெங்களூர், ஹைதராபாத் போன்ற நகரங்களோடு திருவனந்தபுரத்திலும் மையம் வந்தது. சிவகாசி, எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் போதும். சென்னை மாகாணத்தின் தணிக்கைச் சான்றிதழ் ஒரு காலத்தில் செல்லாமல் நின்ற அதே எல்லையைத் தாண்டி, இன்று அமெரிக்க லைசென்ஸுக்குத் தேர்வு எழுதப் போகிறார்கள்.

அமெரிக்க வரித்துறை நேராகக் கொடுக்கும் என்ரோல்ட் ஏஜெண்ட் அனுமதி இன்னொரு பாதை. 1884-இலிருந்து இருக்கும் இந்த அனுமதி எந்த மாநிலத்தையும் சேர்ந்ததல்ல. நாடு முழுவதும் செல்லும். ஆனால் வரி விஷயத்தில் மட்டும்தான். கம்பெனிக் கணக்கில் தணிக்கைக் கையெழுத்துப் போட அது உதவாது. 1913-இன் சட்டத்தின் கீழ் நம் மாகாணங்கள் போட்ட வரம்புள்ள, வரம்பற்ற என்ற பிரிவுக்கு நெருங்கிய சொந்தம் அமெரிக்காவில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவர் போகப்போகும் நாற்காலியை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து அமெரிக்க நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும் வேலையில், தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் அமெரிக்காவில் இருக்கும் பார்ட்னர்தான். அங்கே சி.பி.ஏ. பதவி உயர்வுக்கு உதவும். ஆகவே தேர்வு எழுத விரைவாக அனுமதிக்கும் மாநிலம் போதும். டெக்சாஸில் குடியேறித் தொழில் செய்ய நினைப்பவருக்கு டெக்சாஸின் நிபந்தனையை முதலிலேயே நிறைவேற்றுவது நல்லது. லைசென்ஸை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையில் பணமும் காலமும் போகும். அமெரிக்க சி.பி.ஏ. மட்டும் முடித்துவிட்டு ஊர் திரும்பினால் இங்கே கம்பெனித் தணிக்கை செய்ய முடியாது. சிவகாசியின் எந்தப் பட்டாசுக் கம்பெனியின் தணிக்கை அறிக்கையிலும் இந்தியக் கழகத்தின் உறுப்பினர்தான், அதுவும் தொழில் செய்யும் அனுமதி பெற்றவர்தான், கையெழுத்துப் போடலாம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பும் எண்ணம் மனத்தில் ஒரு மூலையில் இருந்தால்கூட, அவருக்கு முதலில் இந்திய சி.ஏ.வை முடிப்பது பலமான அடித்தளம். 2023-இன் புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள் பயிற்சி மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்ததால், அதற்கான காலமும் சுருங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் நிபந்தனைகளும் நிலையாக இல்லை. நூற்றைம்பது கிரெடிட் விதியை 1983-இல் புளோரிடா தொடங்கியது. பிறகு எல்லா மாநிலமும் அதற்கு வந்து சேர்ந்தது. 2025 ஜனவரியில் ஓஹியோ அந்த விதியைத் தளர்த்திச் சட்டம் இயற்றியது. இளங்கலைப் பட்டம், இரண்டு வருஷ வேலை அனுபவம், தேர்வில் தேர்ச்சி என்று இன்னொரு பாதையை அது திறக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. வர்ஜீனியாவும் யூட்டாவும் அதைப் பின்தொடர்ந்தன. பி.காம். மட்டும் முடித்து, ஏதோ ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு, அவர்கள் பட்டம் அமெரிக்க இளங்கலைக்குச் சமமாக ஏற்கப்பட்டு, அனுபவத்துக்கு சி.பி.ஏ. ஒருவர் கையெழுத்துப் போட்டால், இது உதவக்கூடிய மாற்றம். போன வருஷம் பயிற்சி மையம் அச்சடித்துக் கொடுத்த மாநிலப் பட்டியலை அப்படியே நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்தந்த மாநில வாரியத்தின் இன்றைய விதியை எடுத்து, தன் பட்டம், தன் அனுபவம், தான் குடியேறப்போகும் ஊர் மூன்றையும் அதன் பக்கத்தில் வைத்து ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்கவேண்டும்.